ராசி முக்காலி – அத்தியாயம் ஆறு

பெருமதிப்பிற்குரிய வாசகப் பெருமக்களுக்குப் பணிவான வணக்கம். கதை எழுதிப் பழகியிராத நான், இந்த வாரமும் தங்களுடைய பொன்னான நேரத்தில் சிறிது எடுத்துக்கொள்ளத் துணிந்தமைக்கு முதற்கண் மன்னிப்புக் கோருகிறேன். கிரிக்கெட் அறியாதவர்களுக்கும் விளங்கும்படி எழுதலாகாதா என்று மதுக்கரையிலிருந்து ஒரு சகோதரி அன்போடு கேட்டிருந்தார். இயன்றவரை முயன்றிருக்கிறேன். குறைகள் இருந்தால் அவை என்னுடையவை, புவனாவினுடையவை அல்ல.

சூலூரில் தறிப்பட்டறை வைத்திருக்கும் கதிர்வேலின் மனைவி புவனா, ஸ்கூட்டர் லைசென்ஸ் வாங்கப் படும் பாட்டைத் தாங்கள் அறிவீர்கள். விலங்கியல் படித்த அவளுக்கு ஒரு கோழிப்பண்ணைக் கம்பெனியில் மேற்பார்வையாளர் வேலை காத்திருக்கிறது. பண்ணை பண்ணையாகப் போய்க் குஞ்சுகளைப் பார்த்து வர வேண்டிய வேலை. திங்கட்கிழமை லைசென்ஸோடு வந்தால் வேலை. இல்லையென்றால் அடுத்த ஆளுக்கு. அவள் கையிலிருந்த எல்.எல்.ஆர். என்னும் பழகுநர் உரிமம் வெள்ளிக்கிழமையோடு காலாவதி. இரண்டு முறை தேர்வுக்குத் தேதி வாங்கி, இரண்டு முறையும் அவள் போகவில்லை. இரண்டு நாளும் கிரிக்கெட் ஆட்டம் இருந்தது. ஆட்டம் இருந்தால் புவனா முக்காலியில் உட்கார்ந்தாக வேண்டும். அது அந்த வீட்டுச் சட்டம்.

மூன்றாவது தேதியாகக் கிடைத்தது இந்த வியாழக்கிழமை. அன்றும் ஆட்டம்.

காலையில் புவனா வெளியே போகும் புடவையைக் கட்டிக்கொண்டு வந்தபோது, மாமனார் குமாரசாமி துண்டால் முக்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தார். சாமி பீடத்தைத் துடைக்கிற பக்குவம் அந்தக் கையில் இருந்தது.

"வா அம்மிணி. டாஸ் போட்டாச்சு. நம்ம ஆளுகதான் மொதல்ல பேட்டிங்."

"மாமா, எனக்கு இன்னைக்கு லைசென்சு டெஸ்டுங்க. நேத்தே சொன்னனுங்களே."

"தெரியுங் கண்ணு. நான் வேண்டாங்கறனா? சித்த நேரம் உக்காந்துட்டுப் போ. ஓப்பனிங் ஆளுக நெலச்சுட்டாங்கன்னா நீ பாட்டுக்குப் போலாம்."

இதில் ஒரு வேடிக்கை உண்டு. குமாரசாமிக்குக் கிரிக்கெட்டைக் கற்றுக்கொடுத்தவளே புவனாதான்.

துடியலூரில் அவள் பிறந்த வீட்டில், அப்பாவுடைய வானொலிப் பெட்டிக்கு அருகில் சப்பணமிட்டு உட்கார்ந்து, வர்ணனையின் ஒவ்வொரு சொல்லையும் மென்று விழுங்கி வளர்ந்தவள் அவள். பரீட்சைக்கு முந்தின நாள் ஐந்து விக்கெட் விழுந்துவிட்டது என்று சாப்பிடாமல் படுத்த பெண். மருமகளாக வந்த புதிதில் இந்த வீட்டுத் தொலைக்காட்சியில் வயலும் வாழ்வும் மட்டும்தான் ஓடும். ஒரு நாள் தற்செயலாக ஆட்டம் வந்தது. "ஏன் அம்மிணி, எதுக்கு அந்தக் குச்சிய மூணு நட்டு வெச்சிருக்கறான்?" என்று மாமனார் கேட்டார். புவனா முகம் மலர்ந்து சொல்லத் தொடங்கினாள். மூன்றே மாதத்தில் அவர் அவளையும் மிஞ்சிவிட்டார். ஆட்ட நாளில் பட்டறைப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. உறம்பரை என்று நாங்கள் சொல்லும் உறவினர் வீட்டு விசேஷத்துக்குக்கூட மாமியார் சென்னியம்மாள் தனியாகப் போய்வரும்படி ஆயிற்று.

அந்தச் சமயத்தில்தான் அது நடந்தது. தோற்க வேண்டிய ஓர் ஆட்டம். கடைசி ஓவர்களில் எழுந்த சத்தத்தைக் கேட்டு, சமையலறையில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த புவனா, முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து வாசற்படி ஓரத்தில், பீரோவுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். இந்தியா ஜெயித்துவிட்டது. "அம்மிணி வந்து உக்காந்த ராசி" என்றார் குமாரசாமி. அன்றிலிருந்து அந்த முக்காலி அந்த இடத்தை விட்டு அசையவில்லை. ஆட்ட நாளில் புவனாவும் அசையக் கூடாது.

அந்த இடத்திலிருந்து பார்த்தால் தொலைக்காட்சித் திரையில் பாதிதான் தெரியும். வலப்பக்கப் பாதியைப் பீரோ மறைத்துவிடும். மூன்று குச்சிகளில் ஒன்றரைக் குச்சி தெரியும். ஆஃப் சைடில், அதாவது இடப்பக்கம், பந்து போனால் அவள் பார்க்கலாம். லெக் சைடில் போனால் மற்றவர்கள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். புது மருமகள் முதல் நாள் சொல்லக் கூச்சப்பட்டாள். பிறகு சொன்னால், இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று பெரியவர் மனம் நோகுமே என்று தயங்கினாள். அப்படியே பத்து ஆண்டுகளுக்கு மேல் ஓடிப்போயின.

வியாழக்கிழமையும் புவனா உட்கார்ந்தாள். மடியில் கைப்பை.

பக்கத்து வீட்டுத் தம்பிதுரை வழக்கம் போல் வந்து, வழக்கமான தூணில் சாய்ந்துகொண்டார். "அக்கா உக்காந்தாச்சா? அப்பறமென்ன, முந்நூறு ரன்னு உறுதிங்க."

முதல் விக்கெட் அடுத்த சில பந்துகளிலேயே விழுந்தது.

"அம்மிணி, காலை மடக்கி உக்காந்தியா?" குமாரசாமி திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்.

"இல்லீங்க மாமா."

"நீட்டி உக்காரு. போன தடவை நீட்டித்தான் உக்காந்திருந்தே."

அவள் நீட்டினாள். இரண்டாவது விக்கெட்டும் விழுந்தது. தம்பிதுரை தலையில் கைவைத்தார். கதிர்வேல், "போச்சு, எல்லாம் போச்சு" என்று முனகினான். சென்னியம்மாள் மட்டும் அடுப்படியிலிருந்து, "என்ன, மறுக்கா ஒருத்தன் போயிட்டானா? போனா போகட்டும், காப்பி ஆறுது" என்றாள்.

அந்த நேரத்தில்தான் புவனா தன்னைத் தானே பார்த்துத் திடுக்கிட்டாள்.

விக்கெட் விழுந்த கணத்தில் அவள் மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது, தேர்வில் வண்டியால் எட்டுப் போடும்போது இரண்டாவது வளைவில் கியரைக் குறைப்பதா வேண்டாமா என்பது. அவுட் ஆனது யார் என்றுகூட அவள் கவனிக்கவில்லை. கவனிக்கத் தோன்றவும் இல்லை. ஒரு காலத்தில் இதற்காகச் சோறு வேண்டாமென்று படுத்தவள் நெஞ்சில், இப்போது ஓர் இழைகூட ஆடவில்லை. எப்போது இது வடிந்தது என்று யோசித்துப் பார்த்தாள். போன ஆண்டா, அதற்கு முந்தியா, தெரியவில்லை. கிணற்றில் நீர் இறங்குவதுபோல், யாரும் பாராமல் இறங்கிப் போயிருந்தது.

அவள் எழுந்து நின்றாள்.

"ஏம் அம்மிணி, எந்திரிச்சுட்டே?"

"நான் போய்ட்டு வாரேனுங்க மாமா. பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"ரெண்டு விக்கெட்டுப் போயிருக்குது கண்ணு. இந்த நேரத்துல எந்திரிச்சா எப்படி? இன்னொருக்கா தேதி வாங்கிக்கலாம்."

"நாளையோட எல்.எல்.ஆர். முடியுதுங்க. திங்கக்கெழமை வேலைக்குப் போகோணும்." குரல் உயர்ந்தது. மரியாதை மட்டும் குறையவில்லை. "தப்பா நெனைக்காதீங்க மாமா. எனக்கு இந்த ஆட்டத்துல ஆசை விட்டுப்போச்சுங்க."

தொலைக்காட்சியில் யாரோ கைதட்டினார்கள். அடுத்த தெருத் தறிச் சத்தம் தெளிவாகக் கேட்டது.

குமாரசாமி முதன்முறையாகத் திரையிலிருந்து கண்ணை எடுத்தார். "ஆசை விட்டுப்போச்சா? நீதான அம்மிணி எனக்கே சொல்லிக் குடுத்தே."

"ஆமாங்க."

"அப்பறம் முக்காலில யாரு உக்காருவா?"

புவனாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "நீங்களே உக்காருங்க மாமா. என்ற ராசி அதுலதான இருக்குது, என்கிட்டயா இருக்குது?" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினாள்.

தெருமுனை தாண்டுவதற்குள் பின்னால் ஸ்கூட்டர் சத்தம். கதிர்வேல்.

"ஏறு. பஸ் ஸ்டாண்டுல உட்டுடறேன்."

"மாமா ஒண்ணுஞ் சொல்லலீங்களா?"

"சொல்றதுக்கென்ன இருக்குது. நீ உக்காந்திருக்கறப்பவேதான ரெண்டும் போச்சு." சிறிது தூரம் போனபின், தலையைத் திருப்பாமல் சொன்னான்: "போன ரெண்டு தடவையும் நான் கூட்டிட்டுப் போயிருக்கோணும். மேட்சு பாத்துட்டு உக்காந்துட்டேன்."

புவனா அவன் தோளைப் பிடித்திருந்த கையைச் சற்று அழுத்தினாள். பேருந்து நிலையத்தில் இறக்கிவிட்டதும், "நல்லா போடு" என்று சொல்லிவிட்டு அவன் வண்டியைத் திருப்பிய வேகத்தில், ஆட்டத்தின் மேல் அவனுக்கு இன்னும் இருந்த பிரியம் தெரிந்தது.

கோயமுத்தூரில் தேர்வுத் திடலில், டிரைவிங் ஸ்கூல் ரசாக் ஸ்கூட்டரோடு காத்திருந்தார். கோட்டைமேட்டுக்காரர், வாயில் எப்போதும் ஒரு கிராம்பு.

"வந்துட்டீங்களா? நான் டி.வி.ல டாஸ் பாத்ததுமே, இன்னைக்கும் அவ்வளவுதான்னு நெனச்சேன் தங்கச்சி."

"அப்படி நெனைக்கற அளவுக்கு ஆயிருச்சுங்களா பாய்?"

"ரெண்டு தடவை ஆயிருச்சேம்மா."

தரையில் சுண்ணாம்பால் பெரிய எட்டு ஒன்று போட்டிருந்தார்கள். அதன் கோட்டுக்குள் வண்டியை ஓட்டி, காலை ஊன்றாமல் சுற்றி வர வேண்டும், அவ்வளவுதான் தேர்வு. ஓரத்துத் தேநீர்க் கடையில் ஒரு டிரான்சிஸ்டர் முழுச் சத்தத்தில் பாடுபட்டுக்கொண்டிருந்தது. தேர்வுக்கு வந்திருந்த பாதிப் பேர் அதைச் சுற்றி மொய்த்திருந்தார்கள்.

வரிசை மெல்ல நகர்ந்தது. புவனாவுக்கு முன்னால் நின்ற கல்லூரிப் பையன் மிடுக்காகத்தான் தொடங்கினான். பாதி எட்டில் டிரான்சிஸ்டர் "நான்கு" என்று கத்தியது. பையன் தலையைத் திருப்பினான். கால் தரையில் பட்டது.

"அடுத்த மாசம் வாப்பா" என்றார் ஆய்வாளர்.

புவனாவின் பெயர் கூப்பிடப்பட்டது. கைப்பையை ரசாக்கிடம் கொடுத்துவிட்டு ஏறி அமர்ந்தாள். முதல் வளைவு. இரண்டாவது வளைவு. கியரைக் குறைக்காமலே திருப்பினாள். கால் ஊன்றவில்லை. கோட்டைத் தொடவில்லை. புறப்பட்ட இடத்துக்கு வந்து நின்றபோது அவளுக்கே நம்ப முடியவில்லை.

ஆய்வாளர் தேநீர்க் கடைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சிக்ஸர்ங்க சார்" என்றார் கடைக்காரர்.

ஆய்வாளர் திரும்பினார். புவனாவைப் பார்த்தார். அவர் முகத்தில் இலேசான அசடு வழிந்தது. "முடிச்சிட்டீங்களா? நான் சரியாப் பாக்கலம்மா. பாக்காம கையெழுத்துப் போட முடியாது. இன்னொரு தடவை போட்டுருங்க."

ரசாக்குக்கு முகம் சிவந்துவிட்டது. "சார், நான் பாத்தனுங்க. எல்லாரும் பாத்தாங்க சார்."

"பரவால்லீங்க பாய்" என்றாள் புவனா. "போடறனுங்க."

உள்ளுக்குள் நெருப்பாக இருந்தது. வீட்டில் பாதித் திரை. இங்கே, அவள் போட்ட முழு எட்டையும் இந்த ஆட்டம் விழுங்கிவிட்டது. ஆனால் ஏறி அமர்ந்து ஆக்சிலரேட்டரைத் திருகியதும், அந்த நெருப்பு எங்கோ போய்விட்டது. வெள்ளைக் கோடு மட்டும் இருந்தது. வளைந்து, குறுக்கே வெட்டி, மறுபடி வளைந்து, முழு எட்டும் கண்முன் கிடந்தது. எந்தப் பீரோவும் மறைக்கவில்லை.

நடு எட்டில் வரும்போது, டிரான்சிஸ்டரைச் சுற்றியிருந்த அத்தனை பேரும் ஒரே குரலில் "ஐயோ" என்றார்கள். பெரிய விக்கெட் ஒன்று விழுந்திருக்க வேண்டும். ரசாக் பாயின் தலைகூட அந்தப் பக்கம் திரும்பிற்று. இரும்பைக் காந்தம் இழுப்பதுபோல் அந்தத் திடலில் இருந்த எல்லாக் கழுத்துகளும் திரும்பின.

புவனாவின் கழுத்து திரும்பவில்லை. திருப்பக் கூடாது என்று அவள் பல்லைக் கடிக்கவும் இல்லை. யார் அவுட் என்பது அவளுக்கு வேண்டியிருக்கவில்லை, அவ்வளவுதான். வண்டி மிதந்து வந்து புறப்பட்ட புள்ளியில் நின்றது.

இந்த முறை ஆய்வாளர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ்வளவு சத்தத்துக்கும் நீங்க திரும்பலியே. கிரிக்கெட் புடிக்காதுங்களா?"

"ரொம்பப் புடிச்சுதுங்க சார். இப்ப இல்லீங்க."

அவர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். "பாஸ். சனிக்கிழமை லைசென்ஸ் வாங்கிக்கலாம்."

ரசாக் இரண்டு கிராம்பை எடுத்து, ஒன்றைத் தம் வாயிலும் மற்றொன்றைப் புவனாவின் கையிலும் வைத்தார். "ஒரே நாள்ல ரெண்டு எட்டு. என்ற ஸ்கூல்ல இதுவரைக்கும் யாரும் போட்டதில்ல தங்கச்சி."

திரும்பும் பேருந்தில் சன்னலோர இருக்கை கிடைத்தது. திருச்சி சாலை முழுவதும் அவளுக்காகவே போட்டு வைத்ததுபோல் விரிந்து கிடந்தது. எதிரே வந்த ஒவ்வொரு ஸ்கூட்டரையும் அவள் சொந்தக்காரியைப்போல் பார்த்துக்கொண்டு வந்தாள்.

வீட்டுக்குள் நுழைந்தபோது ஆட்டம் கடைசிக் கட்டத்தில் இருந்தது. தம்பிதுரை தூணில் சாய்ந்திருக்கவில்லை. தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார். குமாரசாமியின் சாய்வு நாற்காலி காலியாகக் கிடந்தது.

வாசற்படி ஓரத்தில், முக்காலியில், கால்களை நீட்டி, கைகளை மடியில் வைத்துக்கொண்டு, குமாரசாமி உட்கார்ந்திருந்தார்.

"மாமா, பாஸ் பண்ணிட்டனுங்க."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார். பிறகு பீரோவைப் பார்த்தார். அவர் குரல் இறங்கியிருந்தது.

"அம்மிணி, இங்கிருந்து பாதிதான தெரியுது?"

புவனா தலை குனிந்தாள்.

"லெக் சைடே இல்லை. ஸ்கோரு எழுதற எடமும் தெரியல. காத்தாலயிருந்து நான் இந்தத் தம்பிதுரை மூஞ்சியப் பாத்துத்தான் மேட்சு பாத்துட்டிருக்கறேன். இந்த மூஞ்சிய எவ்வளவு நேரந்தான் பாக்கறது?"

"என்ற மூஞ்சிக்கு என்னங்க கொறச்சல்" என்றார் தம்பிதுரை, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"இத்தன வருசமும் நீ இப்படித்தான் பாத்தியா கண்ணு?"

"ஆமாங்க மாமா."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

சென்னியம்மாள் அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். "ஏனுங்க, நீங்க ஒரு தடவை வந்து உக்காந்து பாத்திருக்கக் கூடாதா?" என்று கணவரிடம் கேட்டுவிட்டு, மருமகள் வாயில் ஒரு கை சர்க்கரையைப் போட்டாள்.

அந்தக் கணத்தில் கதிர்வேலும் தம்பிதுரையும் ஒன்றாகத் துள்ளினார்கள். எதிரணியின் கடைசி விக்கெட். இந்தியா ஜெயித்துவிட்டது. அது லெக் சைடில் பிடித்த கேட்ச், முக்காலிக்குத் தெரியவில்லை.

"என்னாச்சு? என்னாச்சுப்பா?" என்றார் குமாரசாமி.

"ஜெயிச்சாச்சுங்க. எல்லாம் நீங்க உக்காந்த ராசிங்க" என்றார் தம்பிதுரை. "இனி நீங்கதான் அங்க உக்காரோணும். வேற வழியே இல்லீங்க."

குமாரசாமிக்கு முகம் தொங்கிப்போயிற்று. "பீரோவ அக்கட்டால நகத்திப்போடலாமே."

"நகத்தினா ராசி போயிருமுங்க மாமா" என்றாள் புவனா, மிகுந்த பணிவோடு.

முதலில் சிரித்தது சென்னியம்மாள். பிறகு கதிர்வேல். கடைசியில் குமாரசாமியே முக்காலி ஆட ஆடச் சிரித்தார்.

சிரிப்பு அடங்கியதும் அவர் எதையோ நினைத்துக்கொண்டவராக நெற்றியைத் தடவினார். "அம்மிணி, உனக்கு ஒரு போன் வந்துது. அந்தக் கோழிக் கம்பெனில இருந்து."

புவனா அவர் பக்கம் திரும்பினாள். "என்னங்க மாமா சொன்னாங்க?"

"என்னமோ கேட்டாங்க. முடியுமா, சம்மதமான்னு. நான் சரின்னு சொல்லிப்போட்டேன்."

"எதுக்குங்க சரின்னு சொன்னீங்க?"

"அதுதான் கண்ணு நெனப்புல இல்லை. அந்த நேரம் பாத்து ஒருத்தன் ரன் அவுட்டு."

கதிர்வேல் தொலைபேசியை எடுத்துச் சுழற்றிப் பார்த்தான். கம்பெனியில் யாரும் எடுக்கவில்லை. அலுவலக நேரம் முடிந்திருந்தது.

"எதுவா இருந்தாலும் நாளைக்குப் பாத்துக்கலாமுங்க" என்றாள் புவனா. இரண்டு எட்டுப் போட்ட தைரியம் அவளிடம் இன்னும் மிச்சம் இருந்தது. அந்தச் சரி எதற்கென்பதை அடுத்த வாரம் சொல்கிறேன்.

எல்லோரும் கலைந்தபின் குமாரசாமி அவளை அருகில் கூப்பிட்டார். முக்காலியை விட்டு அவர் இன்னும் எழுந்திருக்கவில்லை.

"ராசி கெடக்குது உடு. பீரோவ நகத்திப்போட்டு, உனக்கு நல்ல நாற்காலி ஒண்ணு நேரா நடுவுல போட்டா, மறுக்கா மேட்சு பாப்பியா அம்மிணி?"

புவனா யோசித்தாள். பொய் சொல்வது எளிது. அவருக்கும் மகிழ்ச்சியாக இருக்கும். ஆனால் இத்தனை ஆண்டுகளின் மரியாதைப் பொய் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை அவள் அன்று பார்த்திருந்தாள்.

"இல்லீங்க மாமா. நீங்க பாருங்க. எனக்கு அது போயிருச்சுங்க."

அவர் தலையை ஆட்டினார். பிறகு, "சனிக்கெழமை லைசென்சு வந்ததும் மொதல்ல என்னையத்தான் பின்னால உக்கார வெச்சுக் கூட்டிட்டுப் போகோணும்" என்றார்.

"கூட்டிட்டுப் போறனுங்க."

ஜெயித்த நாளில் இழப்பைப் பேசுவது முறையல்ல என்று தாங்கள் கருதினால் பொறுத்தருள வேண்டும். இருந்தும் சொல்லிவிடுகிறேன். அன்றுவரை அந்த வீட்டில் போனவை: கதிர்வேலுக்குச் சில ஓவர்கள். குமாரசாமிக்குச் சாய்வு நாற்காலி. கூடவே, அவருக்கு ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்து, அதைப் பற்றி அவரோடு பேசிய ஆள். புவனாவுக்கு, ஏற்கெனவே போன இரண்டு தேர்வு நாள்கள். பத்து ஆண்டுகளுக்கும் மேலாகத் திரையின் வலப்பக்கப் பாதி. துடியலூரில் அப்பாவின் வானொலிக்கு அருகே தொடங்கிய ஓர் ஆசை.

புவனாவின் கணக்கில் முதல் இரண்டும் ஒரு முழு எட்டில் ஈடாகிவிட்டன. கடைசியாகச் சொன்னது திரும்ப வரவில்லை.